கட்டில் கம்பியில் தட்டிய அயன்லெரே அவர்களுக்கு

நைஜீரிய நாட்டு இபதான் நகர எல்லையில் உள்ள நம் மருத்துவமனையில், பேச்சும் இசையும் மூளையில் எப்படிக் குடியிருக்கின்றன என்று ஆராயும் கூடத்தில், முப்பத்தோராண்டுகள் முறை பிறழாது முனைந்து பணியாற்றி இன்று ஓய்வு பெறும் மூத்த உதவியாளர், மேளக்குடித் தோன்றல், அயன்லெரே அவர்களின் முன்னிலையில் ஊழியர் அனைவரும் ஒன்றுகூடி வாசித்தளிக்கும் மடல்.

பண்பின் பெட்டகமே! பதற்றமறியாப் பரிவாளரே! நாவிழந்து வந்தோர்க்கெல்லாம் நாற்காலி இழுத்துப் போட்டு நாள்தோறும் நலம் கேட்ட நன்னெஞ்சரே!

இதுவரை வாசித்த மூன்றும் அச்சகத்தார் கொடுத்த மாதிரியிலிருந்து எடுத்தவை. அதில் இன்னும் ஒரு டஜன் இருக்கின்றன. அவை பொன்னிறக் கரையோடு கண்ணாடிச் சட்டத்துக்குள் போய்விட்டன. அந்த மடலை நீங்கள் வீட்டு முன்னறையில் மாட்டிக்கொள்ளலாம், வருவோர் போவோர் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். இப்போது வாசிக்கப்படுவது வேறு மடல். இதற்குச் சட்டம் கிடையாது.

இதை எழுதும் பொறுப்பு பதிவறையைக் கவனிக்கும் மொரோலாயோவிடம் வந்தது. எல்லோர் பெயரிலும் போகும் மடலில் ‘நான்’ என்று எழுதக் கூடாதென்று கூடத் தலைவர் பேராசிரியர் அடெபென்ரோ சொல்லிவிட்டதால், தன்னைப் பற்றியும் யாரோ ஒருவர் போலவே எழுதியிருக்கிறார். அதுவும் நல்லதற்குத்தான். இதில் வரும் மொரோலாயோவை அவருக்கே அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

மொரோலாயோ எப்படிப்பட்டவர் என்று உங்களுக்குத் தெரியும். பேனாவை நூலில் கட்டி மேசைக் காலோடு முடிந்து வைப்பவர். கையெழுத்தைக் கண்டால் சன்னலருகே தூக்கிப் பிடித்துப் பார்ப்பவர். யாராவது காரணமில்லாமல் சிரித்தால், காரணத்தைக் கண்டுபிடிக்கும்வரை அவருக்கு மதியச் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்டவரின் கண்ணில் ஓராண்டுக்கு முன் நீங்கள் பட்டீர்கள்.

அதற்கு முன் உங்கள் மேல் குறை சொல்ல ஆளில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். மின்சாரம் நின்று ஜெனரேட்டர் எழும்பும் முன்பே கூடத்துக்கு வந்துவிடுவீர்கள். மூளையின் மின்னலைகளைப் பதிவதற்குத் தலையில் குமிழ்களை ஒட்ட வேண்டும். நம் பெண்களோ இரண்டு நாள் உட்கார்ந்து பின்னிய பின்னலோடு வருவார்கள். மற்றவர்கள் பின்னலை அவிழ்க்கச் சொல்வார்கள், அவர்கள் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். நீங்கள் மட்டும் ஒரு பின்னலையும் கலைக்காமல், வகிடு வகிடாகத் தேடி, முப்பத்திரண்டு குமிழ்களையும் ஒட்டி முடிப்பீர்கள். ஒட்டும்போது அவர்களுடைய ஊர், உறவு, வியாபாரம் எல்லாம் விசாரித்துவிடுவீர்கள். இதையெல்லாம் மொரோலாயோ அன்றே குறித்து வைத்திருக்கிறார். இவ்வளவு நல்லவராக ஒருவர் இருப்பதே அவருக்கு உறுத்தலாக இருந்தது.

சந்தேகம் பிறந்தது சுபோமியின் தாயாரால். ஓஜே சந்தையில் கோலாக் கொட்டை விற்றவர், சந்தையிலேயே உரத்த குரல் அவருடையது என்பார்கள். பக்கவாதம் வந்து வலது கை தொங்கிவிட்டது, பேச்சும் போய்விட்டது. கோயில் பாட்டை எடுத்துக் கொடுத்தால் சொல் பிசகாமல் பாடுவார். பாட்டை நிறுத்திவிட்டு இது என்ன என்று கோழிப் படத்தைக் காட்டினால் வாயைத் திறந்து திறந்து மூடுவார். நம் கூடத்துக்கு இது புதிதல்ல. பேச்சுக்கு இடப்பக்கம், இசைக்கு வலப்பக்கம் என்று மண்டைக்குள் வேலி போட்டு எழுதிய புத்தகங்கள் நம் அலமாரியில் இருக்கின்றன. நம் யோருபா மொழியிலோ சுருதி இறங்கினால் சொல்லே மாறிவிடும். அந்தச் சுருதியை மட்டும் எடுத்து மேளத்தில் பேசி, பக்கத்துத் தெருக்காரனைப் பெயர் சொல்லி வம்புக்கிழுக்கிற ஊர் இது. இந்த ஊர்க்காரர் மண்டையில் அந்த வேலி எங்கே போகிறது என்று பார்க்கத்தான் கூடமே தொடங்கப்பட்டது.

இருபது படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்வது சோதனை. சுபோமியின் தாயார் மூன்று சொல்வார், நல்ல நாளில் நான்கு. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்த நாட்களில் மட்டும் பதினான்கு. மொரோலாயோ பழைய தாள்களை எடுத்தார். வேறு நோயாளிகளிடமும் அதே கதை. எங்கெல்லாம் எண்ணிக்கை எகிறியிருந்ததோ, அங்கெல்லாம் தாளின் அடியில் உங்கள் கையெழுத்து.

அடுத்த திங்களன்று அவர் திரைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். படம் வந்ததும் உங்கள் விரல்கள் கட்டில் கம்பியில் தட்டத் தொடங்குவதைக் கண்டார். நகம் பட்டால் கணீரென்று ஒரு சத்தம், விரல் நுனி பட்டால் மந்தமாக ஒன்று, முட்டி பட்டால் கனமாக ஒன்று. நம் மொழிக்கும் மேல், நடு, கீழ் என்று மூன்று சுருதிதான். மொரோலாயோவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மேளக்குடியில் பிறந்தவர் கம்பியையே மேளமாக்கி, நோயாளிக்கு விடையைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். வேறு ஊர் மருத்துவமனையில் யாருக்கும் இப்படி ஒரு சந்தேகம் வந்திருக்காது. அவருக்கு அது சந்தேகமாகவே படவில்லை, கையும் களவுமாகப் பிடித்துவிட்டதாகவே பட்டது.

நகத்துக்குப் புள்ளி, நுனிக்குக் கோடு, முட்டிக்கு வட்டம் என்று மூன்று நோட்டுப் புத்தகங்கள் நிரம்பின. அவற்றைத் தூக்கிக்கொண்டு பஷீரு என்ற மேளக்காரரிடம் போனார்.

“அக்கா, நீங்க எழுதுனத அப்படியே அடிச்சுப் பாத்துட்டேன். ஒரு வார்த்தையும் தேறல. வெறும் தாளம்.”

“மறுபடி அடி.”

“நாப்பது தடவ அடிச்சாலும் இதுல கோழி வராது, குடையும் வராது. மனுசன் சும்மா நடை பிடிக்கிறாரு.”

“நீயும் மேளக்காரந்தானே. உங்களுக்குள்ள காட்டிக்குடுப்பீங்களா?”

“காட்டிக்குடுக்க மாட்டேன்னு தெரிஞ்சா என்னத்துக்குக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?”

மொரோலாயோ பஷீருவின் பெயரையும் நோட்டில் ஏற்றிக்கொண்டார். உங்களைப் பற்றி வேறு குறிப்புகளும் அதில் சேர்ந்தன. தெருவில் மேளக்காரர்கள் உங்களைக் கண்டு வாழ்த்தி அடித்தால், மேளக்குடிக்காரர் நின்று கை உயர்த்த வேண்டும். நீங்கள் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு வேகமாக நடந்துவிடுகிறீர்கள். தலைக்கனம் என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டார். ஆண்டு விழாவில் மேளம் எடுக்கச் சொன்னால் மணிக்கட்டு வலி என்பீர்கள். அதே மணிக்கட்டு கம்பியில் நாள் முழுவதும் ஆடுகிறது. ஆய்வுக்கு நலமுள்ள ஆட்களின் மூளைப் படமும் தேவை என்று ஊழியர் அனைவரும் காந்தத்தால் படமெடுக்கும் குழாய்க்குள் படுத்து எழுந்தோம். நீங்கள் மட்டும் வாயில் உலோகப் பல் இருக்கிறது என்று தள்ளிப் போட்டீர்கள். நீங்கள் சிரித்தபோது மொரோலாயோ எட்டிப் பார்த்தார். உலோகம் எதுவும் இல்லை.

பிறகு அவர் செய்ததை எழுதக் கை கூசுகிறது. சோதனை நடக்கும் நேரத்தில் பஷீருவைச் சன்னலுக்குக் கீழே நிறுத்தி, மேளத்தில் ஒரே ஒரு சேதியை அடிக்கச் சொன்னார். அயன்லெரே, உன் வீடு பற்றி எரிகிறது என்பது சேதி. அக்குளில் இடுக்கிய மேளத்தின் வார்களை இறுக்கியும் தளர்த்தியும் பஷீரு அதைத் தெளிவாக அடித்தார். முற்றத்தில் துணி துவைத்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். திரைக்குப் பின்னாலிருந்து மொரோலாயோ உங்கள் முகத்தைப் பார்த்தார். நீங்கள் தலையை லேசாக ஆட்டி, மேளத்தின் நடைக்கு ஏற்பக் கம்பியில் தட்டிக்கொண்டிருந்தீர்கள். முகத்தில் புன்னகை.

படுக்கையிலிருந்த சுபோமியின் தாயார்தான் பதறிப்போனார். நல்ல கையால் உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்தார், சன்னலைக் காட்டினார், வாய் கோணக் கோண முயன்று, “தீ... தீ...” என்றார்.

நீங்கள் படத்தைப் பார்த்தீர்கள். “இது தீ இல்லம்மா, குடை. மெதுவா சொல்லுங்க,” என்றீர்கள்.

பொறி என்று மோப்பம் பிடித்துவிட்டார், எப்பேர்ப்பட்ட கைகாரர் என்று மொரோலாயோ நோட்டில் எழுதினார். பேச்சிழந்த ஒரு பெண் முதன்முறையாகத் தானாக ஒரு சொல்லைப் பிடுங்கி எடுத்தது அந்தப் பக்கத்தில் இல்லை. அன்று நோயாளியைப் பதற வைத்ததற்காக அவர் இன்றுவரை வெட்கப்படுகிறார்.

பாலைவனத்து ஹார்மட்டான் காற்று புழுதி அடித்த ஒரு வெள்ளிக்கிழமை, நீங்கள் ஓய்வு பெற எட்டு மாதங்கள் இருக்கும்போது, பேராசிரியர் அறையில் விசாரணை நடந்தது. மூன்று நோட்டுகளும் மேசையில் இருந்தன.

“பாபா, கம்பியில என்ன தட்டுனீங்க?” என்று கேட்டார் பேராசிரியர்.

“தாளம் சார்.”

“வார்த்தை இல்லையா?”

“இல்ல.”

“மேளக்குடிப் பிள்ளை விரல்ல வார்த்தை இல்லாம தாளம் மட்டும் வருமா?” என்றார் மொரோலாயோ. “யாரு காதுல பூ சுத்துறீங்க?”

பேராசிரியர் ஒரு தாளை உங்கள் பக்கம் நகர்த்தினார். நோயாளிகளுக்கு விடை சொல்லிக் கொடுத்தேன் என்று இரண்டு வரி. கையெழுத்துப் போட்டுவிட்டு அமைதியாக விலகிக்கொள்ளலாம், வெளியே யாருக்கும் தெரியாது என்றார். நீங்கள் பேனாவை எடுத்துவிட்டீர்கள். மொரோலாயோ சத்தியம் செய்வார், பேனா முனை தாளில் பட்டுவிட்டது. அப்போதுதான் கேட்டீர்கள்.

“இதுல போட்டுட்டா, சுபோமியம்மா சொன்ன பதினாலும் என்ன ஆகும்?”

“அடிச்சிருவோம். அது அவங்க சொன்னது இல்ல, நீங்க சொன்னது.”

“அப்புறம்?”

“பயிற்சியால பலன் இல்லைன்னு எழுதி வீட்டுக்கு அனுப்பிருவோம். படுக்கைக்கு ஆளு காத்திருக்காங்களே.”

நீங்கள் பேனாவைக் கீழே வைத்தீர்கள். “அது அவங்க வாயில வந்த வார்த்தை சார். என்னைத் திருடன்னு எழுதுங்க, எழுதிட்டுப் போங்க. அவங்க வார்த்தைய எம்பேர்ல எழுதாதீங்க.” பிறகு, “என்னை அந்த மெஷின்ல படுக்க வைங்க,” என்றீர்கள்.

படம் வந்தது. வலது காதுக்கு மேலே, உள்ளே, அவரை விதையளவு பழைய வடு. ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெயர்சூட்டு விழாவிலிருந்து திரும்பும் வழியில் விழுந்தீர்கள், மூன்று நாள் இடது கை சொன்னபடி கேட்கவில்லை, கேட்டவர்களிடமெல்லாம் மலேரியா என்று சொல்லிவிட்டீர்கள். நான்காம் நாள் தெருவில் மேளம் கேட்டது.

“எல்லாருக்கும் அது பேசுது,” என்று அன்று சொன்னீர்கள். “எனக்கு மட்டும் சும்மா சத்தம் போடுது. தட்டுறது தெரியுது. என்ன சொல்லுதுன்னு தெரியல.”

சுருதியைப் பிரித்தறியும் இடம் போய்விட்டது, தாளத்தைப் பிடிக்கும் இடம் மிஞ்சிவிட்டது என்று பேராசிரியர் விளக்கினார். வாய்ப்பேச்சு எழுத்தொலிகளையும் பிடித்துக்கொண்டு நிற்பதால் உங்களுக்குப் புரிகிறது. மேளத்துக்குச் சுருதியை விட்டால் வேறு பிடிமானம் இல்லை. ஆரம்ப மாதங்களில் சந்தையில் பேசும்போது சொற்கள் வழுக்கிப் போகும், தொடையில் விரலால் தட்டிக்கொண்டால் நிற்கும் என்றீர்கள். உங்களுக்குப் பலித்ததைத்தான் நோயாளிகளுக்கும் செய்து பார்த்திருக்கிறீர்கள். நம் கூடத்தில் ஏழு ஆண்டுகளாக ஒரு நோயாளி சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார், எங்கள் ஒருவருக்கும் அது தெரியவில்லை.

இதோடு மொரோலாயோ அடங்கியிருப்பார் என்று நினைத்தால் நீங்கள் அவரைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. வடு உண்மை, செவிடு பொய்யாக இருக்கலாமே என்றார். பஷீருவை அழைத்து வந்து, மேளத்தில் இரண்டிரண்டு வாக்கியங்களாக அடிக்கச் சொல்லி, இரண்டும் ஒன்றா வேறா என்று உங்களைக் கேட்டார்கள். இருபதுக்குப் பதினொன்று சரியாகச் சொன்னீர்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலே பத்து வரும்.

“வேணும்னே தப்பா சொல்றாரு சார்,” என்று பேராசிரியரின் காதில் சொன்ன மொரோலாயோ, பஷீருவிடம் போய் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். அதில் இருந்தது உங்கள் தந்தையின் பெயரும் அவருடைய குலப்புகழும். மேளத்தில் தந்தையின் பெயர் வந்தால் மகன் எழுந்து வலது கையை உயர்த்த வேண்டும். தூக்கத்தில் இருந்தாலும் எழுவார்கள், காலில்லாதவர்கூடக் கையை உயர்த்துவார். அந்த ஒன்றில் மட்டும் நடிக்க முடியாது என்று அவருக்குத் தெரியும்.

பஷீரு கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். நல்ல அடி. பேராசிரியர் தன்னையறியாமல் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். மொரோலாயோ உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது மடியில் கிடந்தது. மேளம் நின்றதும் நீங்கள் மரியாதையாக நிமிர்ந்து, “இது ஒண்ணுதான அடிச்சாரு? ரெண்டாவது எப்ப?” என்று கேட்டீர்கள்.

மொரோலாயோ பதிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். அழுகை நின்ற பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, செல்லாது என்று தான் கோடிட்டு வைத்திருந்த எண்ணிக்கைகளை ஒவ்வொன்றாக மீட்டார். மறுவாரம் கம்பியில் நீங்கள் தட்டவில்லை. மேளமே தெரியாத ஒரு நர்ஸ், கைப்பேசியில் ஓடிய டிக் டிக் சத்தத்தைக் கேட்டுத் தட்டினார். சுபோமியின் தாயார் பதின்மூன்று சொன்னார். அவரை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. இப்போது அவர் வாக்கியம் பேசுகிறார், பாதி வசவாக இருந்தாலும் முழு வாக்கியம்.

நடந்ததை மடலில் எழுதலாமா என்று மொரோலாயோ உங்களிடம் கேட்டார். “எழுது. எங்க வீட்டாளுக காதுக்கு மட்டும் போகக் கூடாது,” என்றீர்கள். மேளக்குடியில் ஒருவருக்கு மேளம் ஊமையாகிவிட்டது என்று தெரிந்தால் அவர்கள் உங்களைப் பார்க்கும் பார்வை மாறிவிடும், அதைத் தாங்க உங்களுக்குத் தெம்பில்லை. திருடன் என்ற பெயரைக்கூட வாங்கிக்கொள்ளத் துணிந்தவர் நீங்கள். ஆகவே இந்தத் தாள் வாசித்து முடிந்ததும் உங்கள் சட்டைப் பையில் போய்விடும். உங்கள் தம்பி ஆறு மேளக்காரர்களோடு முற்றத்தில் அமலாக் களி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். இங்கு பேசுவது அங்கே கேட்கிறதா என்று மொரோலாயோ இரண்டு முறை போய் நின்று பார்த்துவிட்டு வந்தார். கேட்கவில்லை.

முப்பத்தோராண்டு பிறர் நாவுக்குத் துணை நின்ற உங்கள் நடை தளராதிருக்க, உறக்கம் குறையாதிருக்க, நோய் உங்கள் தெருவையே மறந்துவிட, பேரப்பிள்ளைகள் உங்கள் பேச்சுக்குக் காத்திருக்கும் காலம் நெடுங்காலமாக நீள, நாங்கள் நெஞ்சார வேண்டுகிறோம்.

இன்னும் சற்று நேரத்தில் நாம் வெளியே போவோம். தம்பி மேளத்தைத் தூக்குவார். உங்கள் தந்தையின் பெயர் வரும். வலப்பக்க நாற்காலியில் சுபோமியின் தாயார் உட்காருவார், நல்ல கை உங்கள் பக்கம் இருக்கும்படி. பெயர் வந்ததும் அந்தக் கை உங்கள் மணிக்கட்டில் இரண்டு முறை தட்டும். அப்போது எழுந்திருங்கள், கையை உயர்த்துங்கள். ஒருவருக்கு இன்னொருவர் விடை சொல்லிக் கொடுப்பது இந்தக் கூடத்தில் குற்றம்தான். மொரோலாயோ அந்த நேரத்தில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்.

இவ்வண்ணம்,
பேச்சும் இசையும் ஆய்வுக்கூட ஊழியர்கள்,
இபதான்.